மோட்டார் சைக்கிள் கூட்டுப் பிரயாணம்

தனியே செல்லும் பிரயாணி தன் வேகத்துக்குத் தானே அதிகாரி. நினைத்த இடத்தில் நிற்பான்; நினைத்தபோது புறப்படுவான்; வழி தவறினால் நட்டமும் அவன் ஒருவனுடையதே. பலரை அழைத்துச் செல்வோனது நிலை அவ்வாறன்று. அவன் முன்னே செய்யும் சிறு காரியமும் பின்னே வருவோர் ஒவ்வொருவரிடத்தும் பெருகிச் சென்று சேர்கின்றது. இதனை யான் ஏட்டிற் கற்றேனல்லேன். பண்ருட்டியிலும் நெய்வேலியிலுமுள்ள நண்பர் சிலர் கூடி நடத்தும் சிறு மோட்டார் சைக்கிள் சங்கத்திற்குக் காரியதரிசியாகவும், பிரயாண நாட்களில் முன் செல்வோனாகவும் பல்லாண்டு இருந்து கற்றேன்.

நம் கலாசாலைப் பத்திரிகையில் இலக்கிய ஆராய்ச்சிகளையே எதிர்பார்க்கும் அன்பர்கள், இஃதென்ன பொருள் என்று புருவத்தை நெறிக்கலாம். ஆயினும் மாணவ நண்பருட் பெரும்பாலோர் இவ்வாகனத்திலேயே நாள்தோறும் கலாசாலைக்கு வருகின்றனர். விடுமுறை வந்தால் நால்வர் ஐவராய்க் கூடிக் கடற்கரைக்கும் மலைக்கும் புறப்பட்டுவிடுகின்றனர். அவ்வாறு புறப்படுவோருக்கு யான் கண்டறிந்தவை சில பயன்படலாம் என்னும் துணிவினாலேயே எழுதுகின்றேன்.

எங்கள் சங்கம் பெரியதன்று. முந்திரிப் பருப்பு வியாபாரிகள் சிலர், நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்ப்போர் சிலர், பள்ளி ஆசிரியர் மூவர், மருந்துக்கடைக்காரர் ஒருவர், இன்னும் வேலை தேடிக்கொண்டிருக்கும் வாலிபர் சிலர் என இவ்வளவே. ஆசிரியர் மூவருள் ஒருவர் பெண்மணி. இந்தியாவில் மோட்டார் சைக்கிள் ஓட்டும் மகளிர்க்கென்றே ‘பைக்கர்னி’ என்னும் சங்கம் 2011-ஆம் ஆண்டில் ஏற்பட்டதை அவர் சொல்லித்தான் யான் அறிந்தேன். இங்கிலாந்திலோ மோட்டார் சைக்கிள் சங்கம் 1901-ஆம் ஆண்டிலேயே தோன்றிவிட்டது. வண்டி தோன்றியவுடனே அதனைச் சேர்ந்து ஓட்டும் ஆசையும் தோன்றிவிட்டது போலும்!

அங்கத்தினருட் பலருடையது புல்லட்டு வண்டி. அதன் மேல் தமிழ்நாட்டார்க்கு உள்ள பற்றுக்குக் காரணம் இல்லாமலில்லை. 1955-ஆம் ஆண்டில் சென்னையில் தோன்றிய என்பீல்டு இந்தியா கம்பெனி, திருவொற்றியூர் ஆலையில் முதலில் இங்கிலாந்திலிருந்து வந்த உறுப்புகளைப் பூட்டியும், பின்னர் உறுப்புகளையும் இங்கேயே செய்தும் அவ்வண்டியை வெளியிட்டது. தாய்நாடான இங்கிலாந்தில் 1970-இல் என்பீல்டு வண்டிகளின் உற்பத்தி அடியோடு நின்றுபோகவும், வளர்த்த நாட்டில் அது நிலைத்துவிட்டது. அதன் ஓசை எனக்கும் இனியதே. அவ்வோசை போதாதென்று சத்தத்தை அடக்கும் குழலைக் கழற்றி எறிந்துவிட்டு, உறங்கும் ஊரை எழுப்பிச் செல்வோரை மட்டும் யாங்கள் சேர்ப்பதில்லை. இவ்விதியால் அங்கத்தினர் சிலரை இழந்தோம், அதுபற்றி வருத்தமில்லை.

இனி, யாங்கள் பெரும்பாலும் செல்லும் பாதையைச் சொல்லவேண்டும். விக்கிரவாண்டியிற் பிரிந்து பண்ருட்டி, நெய்வேலி, வடலூர், சேத்தியாத்தோப்பு வழியாகக் கும்பகோணமும் தஞ்சையும் செல்லும் நெடுஞ்சாலை அது. பண்ருட்டியை விட்டு நீங்கியதும் இருபுறமும் செம்மண்ணும் முந்திரித் தோப்பும் பலா மரமுமாய்க் கண்ணுக்கு இதமாயிருக்கும். கோடைக் காலத்தில் சாலையோரத்திலேயே பலாப்பழங்களை மலைபோற் குவித்து வைத்திருப்பர். மணம் தொலைவிலேயே வந்து எதிர்கொள்ளும். அம்மணத்திற்கு மயங்கிக் கார்க்காரர் எந்த இடத்தில் எவ்வித அறிவிப்புமின்றி பிரேக் போடுவாரென்று பிரமனும் அறியான். பழம் வாங்கியவர் இரு கைகளாலும் அதனை அணைத்துக்கொண்டு, எதிரே வருவது தெரியாமற் சாலையைக் கடப்பார். நெய்வேலியை நெருங்கினால் வேறு உலகம். 1956-இல் அங்கே நிலக்கரிக் கம்பெனி ஏற்பட்டது. 1957 மே 20-ஆம் நாள் நேரு அவர்கள் சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். 1961 ஆகஸ்டில் பழுப்பு நிலக்கரி முதன்முதல் கண்ணிற்பட்டது. வட்டம் வட்டமாய் எண்ணிட்டு, நிழல் மரங்கள் நட்டு அமைத்த அந்நகரத்தினுள் வண்டி ஓட்டுவது சுகம்; நகரத்துக்கு வெளியே சாம்பல் லாரிகளுக்கிடையே ஓட்டுவது சுகமன்று. தை, மாசியிற் கரும்பு வண்டிகள் வேறு. சாலையை நான்கு வழியாக அகற்றும் வேலையும் நெடுங்காலம் நடந்தமையால், நேற்று இருந்த வழி இன்று இராது.

ஆகவே பிரயாணத்துக்கு முந்திய வாரம் யான் ஒருவனாகவாவது மற்றொருவரோடாவது வழி முழுதும் ஒருமுறை சென்று பார்த்து வருவேன். எங்கே பாதை வெட்டப்பட்டிருக்கின்றது, எந்தப் பெட்ரோல் பங்க் விடியலில் திறந்திருக்கின்றது, பதினைந்து வண்டிகள் சாலையை அடைக்காமல் நிற்பதற்கு எந்தத் தேநீர்க்கடையின் முன் இடமுண்டு என்பனவற்றைக் குறித்துக்கொள்வேன். பெட்ரோலுக்கு ஒரு கணக்குண்டு. யாருடைய தொட்டி மிகச் சிறியதோ அவருடைய தொட்டியே எல்லோருக்கும் அளவு. புல்லட்டுக்காரர் தமக்கு இன்னும் இருநூறு கிலோமீட்டருக்கு இருக்கின்றதென்று பெருமை பேசுவதாற் பயனில்லை. அங்கத்தினர் பெயர், இரத்தத்தின் வகை, வீட்டாரின் தொலைபேசி எண் ஆகியவற்றை எழுதிய தாள் ஒன்று முன் செல்வோனிடமும், மற்றொன்று கடைசியில் வருவோனிடமும் இருக்கும். அத்தாளை எடுக்கவேண்டிய நாள் வராதிருக்கட்டும் என்பதே என் பிரார்த்தனை.

விடியற்காலை ஐந்தரை மணிக்குக் கூடுவோம். தலைக்கவசம் இல்லாதவர் எவ்வளவு நெருங்கிய நண்பராயினும் திரும்பிப் போகவேண்டும். சக்கரத்தில் காற்று, சங்கிலி, விளக்கு, பிரேக் இவற்றை ஒருவர் வண்டியை மற்றொருவர் பார்ப்பார். தன் வண்டியின் குறை தனக்குத் தெரியாதன்றோ? பிறகு பத்து நிமிடம் பேச்சு. இடக்கையை உயர்த்தினால் நிற்கவேண்டும். உள்ளங்கையைக் கீழ்நோக்கித் தாழ்த்தினால் வேகத்தைக் குறைக்கவேண்டும். காலை நீட்டினால் அப்பக்கத்தில் பள்ளமோ கல்லோ உண்டு. வலக்கை வேகத்தைப் பிடித்திருப்பதால் சைகை எல்லாம் இடக்கையினாலேயே. முன்னவர் செய்யும் சைகையைப் பின்னவர் தாமும் செய்து தமக்குப் பின்னுள்ளார்க்கு அனுப்பவேண்டும். புதியவர் இதிலேதான் தவறுவர். சைகையைத் தாம் கண்டதே போதுமென்று இருந்துவிடுவர்.

அணிவகுப்பு எவ்வாறெனின், முன் செல்வோன் தன் பாதையின் வலப்பாதியிற் செல்வான். இரண்டாமவர் சிறிது பின்னே இடப்பாதியில். மூன்றாமவர் மீண்டும் வலத்தில். இவ்வாறு சென்றால் ஒவ்வொருவருக்கும் நேர் முன்னே தாராளமான இடம் இருக்கும். வரிசையும் மிக நீளாது. நேர் முன்னே செல்பவர் ஒரு மரத்தைக் கடந்த பின் இரண்டு விநாடி கழித்தே நாம் அம்மரத்தைக் கடக்கவேண்டும் என்பது அளவு. வளைவிலும் குறுகிய பாலத்திலும் ஊருக்குள்ளும் ஒற்றை வரிசை. ஜோடியாய்ப் பேசிக்கொண்டு செல்வது எங்களிடம் இல்லை.

இங்கே ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்க்குமாறு மாணவ நண்பரை வேண்டுகின்றேன். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி விநாடிக்கு 17 மீட்டர் போகின்றது. அணிவகுப்பில் ஒருவருக்கும் அடுத்தவருக்கும் ஒரு விநாடி இடைவெளியென்று வைத்தால், 20 வண்டிகள் 320 மீட்டர் நீண்டுவிடுகின்றன. அவற்றைத் தாண்ட விரும்பும் பேருந்து என்ன செய்யும்? நடுவே புகும். ஆதலால் ஆறு பேருக்கு மேல் ஒரு குழுவிற் சேர்ப்பதில்லை. குழுவுக்குக் குழு ஐந்து நிமிடம் இடைவெளி விடுவோம். இதனினும் பெரிய ஆபத்து ஒன்றுண்டு. அந்த 20 வண்டிகளும் ஒரு வேகத்தடையைக் கடக்கின்றன. ஒவ்வொன்றும் மெதுவாய் ஏறியிறங்க இரண்டு விநாடி இடைவெளியாகின்றது. முன்னவன் தடையைக் கடந்ததும் மறுபடி 60-இற் செல்வானாயின், கடைசி ஆள் கடப்பதற்குள் அவன் 630 மீட்டர் போய்விடுகின்றான். இருக்கவேண்டியதைக் காட்டிலும் 300 மீட்டருக்கு மேல் கூடிவிட்டது. அதனை ஈடுசெய்யக் கடைசி ஆள் 80-இல் ஓட்டினாலும் ஏறத்தாழ ஒரு நிமிடம், ஒன்றேகால் கிலோமீட்டர் அவ்வாறு ஓட்டவேண்டும். முன்னவனோ ‘யான் 60-ஐத் தாண்டவேயில்லை’ என்று சத்தியம் செய்வான், அது மெய்யுந்தான். நம் சாலைகளில் வேகத்தடைக்குப் பஞ்சமில்லாமையால், கடைசி ஆள் நாள் முழுவதும் துரத்திக்கொண்டே இருப்பான். கூட்டுப் பிரயாணத்தில் விழுவோர் பெரும்பாலும் வாலிலுள்ளோராக இருப்பதை யான் கண்டிருக்கின்றேன். அவர் ஓட்டத்தெரியாமையால் விழுவதன்று.

இதற்கு மருந்து ஒன்றே. தடையைக் கடந்ததும் முன்னவன் வேகத்தை உயர்த்தாமல், கண்ணாடியிற் கடைசி விளக்கு தெரியும் வரை மெல்லச் செல்லவேண்டும். முன் செல்வோனுக்கு வேண்டியது நல்ல கண்ணாடி இரண்டு, வேகமன்று. அனுபவமும் பொறுமையும் மிக்க ஒருவரைக் கடைசியில் அமர்த்துவோம். பஞ்சர் சாமானும் மருந்துப் பெட்டியும் அவரிடமே. யார் நின்றாலும் அவர் நிற்பார். அவரை எவரும் பின்னே விடலாகாது. மெதுவாய்ச் செல்பவரை முன் செல்வோனுக்கு அடுத்து இரண்டாவதாய் அமர்த்துவோம். அவர் வேகமே குழுவின் வேகம்.

சங்கத்தில் பெருங்கலகம் விளைந்தது இவ்விதியினாலேயே. எங்களுள் முதியவர் ஒருவர் உளர். சுரங்கத்தில் முப்பதாண்டுக்கு மேல் உழைத்து ஓய்வு பெற்றவர். அவருடைய வண்டி டி.வி.எஸ். எக்ஸெல். அவ்வினத்தின் மூதாதை 1980-இல் ஓசூரிலிருந்து வெளிவந்த டி.வி.எஸ். 50, கிராமத்தார்க்கு அது எருதும் வண்டியுமாய் இருந்தது. முதியவர் எந்தப் பிரயாணத்தையும் விட்டவரல்லர். அவருக்காக யாங்கள் 45-க்கு மேல் போவதில்லை. மார்கழியிற் கங்கைகொண்ட சோழபுரம் செல்வதென்று தீர்மானித்த கூட்டத்தில் வாலிபர் மூவர் எழுந்தனர்.

“அண்ணே, புல்லட்டுக்காரர் பதினைந்து பேர் ஓர் எக்ஸெல் வண்டிக்குப் பின்னே ஊர்ந்து போனால் ஊரார் சிரிக்கமாட்டார்களா?” என்றார் ஒருவர்.

முதியவரே அதற்கு விடை கூறினார்: “தம்பி சொல்வது சரிதான். நான் முன்னதாகப் பேருந்தில் போய் அங்கே காத்திருக்கிறேன்.”

அவர் கோபமின்றிச் சொன்னார். அதுவே எங்களுக்குத் தாங்கமுடியாமற் போயிற்று. நெடுநேரம் வாதம் நடந்தது. வாலிபர் பக்கத்திலும் நியாயம் இல்லையென்று யான் கூறமாட்டேன். பெரிய வண்டியை நாள் முழுவதும் 45-இல் ஓட்டினால் கை சோர்வடையும், மனமும் சலிக்கும். அதனால் விரைந்து செல்ல விரும்புவோர்க்குத் தனிக்குழு அமைப்பதென்றும், அதுவும் 70-ஐத் தாண்டலாகாதென்றும், பனியிலும் இருளிலும் எல்லாக் குழுக்களுக்கும் ஒரே வேகமென்றும் ஏற்பாடு சொன்னேன். மூவருள் இருவர் அதற்கு இணங்காது விலகினர். மூன்றாமவர் முகத்தைச் சுளித்துக்கொண்டே தங்கினார். அவரை என் குழுவின் கடைசி ஆளாக அமர்த்தினேன். பொறுமை மிக்கவரையே அங்கே அமர்த்தும் வழக்கத்திற்கு இது மாறென்று நண்பர் சிலர் தடுத்தனர். துரத்திப் பார்த்தவனுக்கே அவ்விடத்தின் அருமை விளங்குமென்பது என் எண்ணம்.

புறப்பட்ட நாளில் 17 வண்டிகள். வடலூர் வரை இடர் ஒன்றுமில்லை. அதனைத் தாண்டியதும் வயல்வெளியிலிருந்து பனி எழுந்து சாலையை மூடிற்று. முப்பதுக்குக் குறைத்தேன், பின்னே விளக்குகள் ஒவ்வொன்றாய் அணைவனபோல் மங்கின. தலைக்கவசக் கண்ணாடியைத் துடைப்பதும் ஓட்டுவதுமாய்ச் சென்றுகொண்டிருந்தேன். திடீரென்று நூறடித் தொலைவில், சுமார் முப்பது மீட்டரென்று பின்னர் அளந்து கண்டோம், சாலையில் ஒரு கருமை தெரிந்தது. கையை உயர்த்தி நிறுத்தினேன். கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று அச்சு முறிந்து, பின்வண்டி பாதிச் சாலையை அடைத்துக்கொண்டு நின்றது. பின்னே விளக்கில்லை. கரும்புக் கட்டுகள் வண்டிக்கு வெளியே ஈட்டிபோல் நீட்டிக்கொண்டிருந்தன. 30 கிலோமீட்டர் வேகத்தில் கண்டு, உணர்ந்து, நிற்பதற்கு ஏறத்தாழ 15 மீட்டர் போதும். 60-இல் 45 மீட்டர் வேண்டும். எஞ்சியதை நண்பர்களே கணக்கிட்டுக்கொள்க.

நின்றதும் எல்லோரும் டிராக்டரைச் சூழ்ந்துகொண்டோம். கடைசி ஆளான வாலிபரைக் காணவில்லை. பின்னோக்கிப் பார்த்தால், நூறு மீட்டருக்கு அப்பால் சாலையோரத்தில் ஒரு சிவப்பு விளக்கு ஆடுகின்றது. தம் வண்டியைச் சாலையைவிட்டு இறக்கி நிறுத்தி, கைவிளக்கின்மேற் சிவப்புத் துணியைச் சுற்றிக்கொண்டு அவர் ஓடியிருக்கின்றார். எவரும் அவர்க்குச் சொல்லவில்லை. பனிக்குள்ளிருந்து வந்த பேருந்து ஒன்று அவ்விளக்கைக் கண்டு பிரேக் போட்டு, அவரைக் கடந்து, எங்களுக்குச் சிறிது தொலைவிலேயே வந்து நின்றது. பிறகு எங்கள் இரண்டாங்குழு வந்தது, மூன்றாங்குழுவும் வந்தது. முதியவர் இதற்குள் வேலியோரத்து மரக்கிளைகளை ஒடித்து வந்து, நம் நாட்டு லாரிக்காரர் வழக்கப்படி சாலையில் வரிசையாக இட்டுவிட்டார். டிராக்டர் ஓட்டி வந்த பையன் உதவி தேடி ஊருக்குள் நடந்து போயிருந்தான். அவன் ஆட்களோடு திரும்பும் வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் அங்கேயே நின்றோம்.

“தேநீர் நேரம் தவறிவிட்டதே” என்றார் முதியவர். அவர் கவலை அவருக்கு.

கங்கைகொண்ட சோழபுரத்தை அடைய வெயில் ஏறிவிட்டது. இராசேந்திரன் எடுத்த அப்பெருங்கோயிலின் புற்றரையில் அமர்ந்து உண்டோம். திரும்புகையிற் காட்டுமன்னார்கோயில், லால்பேட்டை வழியாக வீராணத்தேரிக் கரைமேல் வந்தோம். பத்தாம் நூற்றாண்டில் சோழர் வெட்டிய ஏரி. 2004 முதல் சென்னைக்குக் குடிநீரும் அனுப்புகின்றது. ஒருபுறம் கடல்போல் நீர், மறுபுறம் தாழ்ந்த பசிய வயல், நடுவே குறுகிய கரைச்சாலை. அங்கே 45 கூட எங்களுக்கு அதிகமாய்த் தோன்றிற்று.

இந்தியாவில் 2022-ஆம் ஆண்டில் மட்டும் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் மாண்டனர். அவருள் 74,897 பேர் இருசக்கர வாகனத்திற் சென்றோர். தமிழ்நாட்டின் பங்கு 17,884 உயிர். எங்கள் பிரயாணங்களிலும் பிறர் விழுந்து கிடப்பதைக் கண்டதுண்டு. முன்னெல்லாம் அங்கத்தினர் சிலர், தொட்டால் போலீஸ் விசாரணைக்கு அலையவேண்டுமே என்று அஞ்சினர். அவ்வச்சத்திற்கு இன்று இடமில்லை. உதவி செய்வோரைத் துன்புறுத்தலாகாதென்று உச்ச நீதிமன்றம் 2016-இல் விதித்தது; 2019-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத் திருத்தமும் அதனை உறுதி செய்தது. 108-க்குச் சொல்லிவிட்டு, தலைக்கவசத்தைப் பலவந்தமாய்க் கழற்றாமல், கழுத்தை அசைக்காமல், உடனிருப்பதே நம் கடமை. முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாய் அளிக்கும் ‘நம்மைக் காக்கும் 48’ என்னும் திட்டத்தைத் தமிழ்நாட்டு அரசு 2021 டிசம்பரில் தொடங்கிற்று. அதிற் சேர்ந்த மருத்துவமனைகள் வழியில் எவையெவை என்பதையும் எங்கள் தாளில் எழுதிவைக்கின்றோம்.

மலைப் பிரயாணத்தைப் பற்றி மிக எழுத இங்கு இடமில்லை. கொல்லிமலையின் எழுபது கொண்டையூசி வளைவுகளில் அணிவகுப்பு என்பதே கிடையாது. ஒற்றை வரிசையில், அவரவர் தம்மால் இயன்ற வேகத்தில் ஏறி உச்சியிற் கூடுவது. முன்னவரைப் பார்த்து வளைவோர் அங்கே கெடுவர். வளைவைப் பார்த்தே வளையவேண்டும். பிரியும் பாதை வந்தால் இரண்டாமவர் அவ்விடத்தில் நின்று, கடைசி ஆள் வரும் வரை வழிகாட்டிவிட்டுப் பின் சேர்ந்துகொள்வார். இம்முறையைக் கைக்கொண்டபின் எவரும் வழி தவறியதில்லை.

விலகிய இருவரும் வேறு நண்பரோடு இப்போது தனியே செல்கின்றனர். தேநீர்க்கடையிற் கண்டால் நலம் விசாரிப்போம், அவ்வளவே. தங்கிய வாலிபரோ வாலை விட்டு முன்னே வர மறுக்கின்றார். கேட்டால், “அங்கேதான் எல்லோரையும் பார்க்க முடிகிறது, அண்ணே” என்கின்றார். வேகக் குழுவுக்கு வேறொரு கடைசி ஆளை இன்னும் தேடிக்கொண்டிருக்கின்றோம்.

அடுத்தது பிச்சாவரம். சேத்தியாத்தோப்பிலிருந்து புவனகிரி, சிதம்பரம் வழியாகச் செல்ல உத்தேசம். புவனகிரிப் பக்கம் பாதையை வெட்டியிருக்கின்றார்களென்று கேள்வி. வருகிற ஞாயிறன்று சென்று பார்த்து வரவேண்டும். முதியவர் எக்ஸெலுக்குப் பின் டயர் புதிதாய் மாற்றிவிட்டாராம்.